ஒரு சாவியால் திறக்காத பூட்டு: பி செல்களை எழுப்பும், அடக்கும் மேற்பரப்பு மூலக்கூறுகள் - கைக்குழந்தையின் தடுப்பூசி முதல் ‘கார்-டி’ சிகிச்சை வரை

பிறந்து ஆறு வாரங்கள் ஆன குழந்தைக்கு, நாடு முழுவதும் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொடையில் ஓர் ஊசி போடப்படுகிறது. பத்தாவது வாரத்திலும் பதினான்காவது வாரத்திலும் அதே ஊசி மீண்டும் செலுத்தப்படுகிறது. பென்டாவேலண்ட் எனப்படும் அந்தத் தடுப்பூசி ஐந்து நோய்களுக்கு எதிரானது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ்-பி ஆகிய நான்கும் பெற்றோர் பலர் கேள்விப்பட்டவை. ஐந்தாவது, ‘ஹிப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹீமோபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி வகை பாக்டீரியா. சிறு குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் கிருமி அது. இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் பென்டாவேலண்ட் முதன்முதலாக 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சேர்க்கப்பட்டது. பின்னர் படிப்படியாக ஏனைய மாநிலங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

அந்த ஐந்தாவது மருந்தின் பின்னணியில் ஒரு புதிர் உண்டு. ஹிப் பாக்டீரியாவின் மேலுறை நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. அந்த உறைக்கு எதிராக உடலில் எதிர்ப்பொருள் இருந்தால் நோய் வராது. எனவே உறையின் சர்க்கரையை மட்டும் பிரித்தெடுத்துத் தடுப்பூசியாக்கினால் போதும் என்று முதலில் கருதப்பட்டது. அவ்வாறு தயாரான தடுப்பூசிக்கு அமெரிக்காவில் 1985-ல் உரிமமும் வழங்கப்பட்டது. இரண்டு வயதைக் கடந்த குழந்தைகளிடம் அது ஓரளவு பலனளித்தது. ஆனால் நோயின் தாக்குதல் மிகக் கடுமையாக இருக்கும் முதல் ஒன்றரை ஆண்டுப் பருவத்தில் அது ஏறத்தாழ பயனற்றதாக இருந்தது. கைக்குழந்தையின் உடல் அந்தச் சர்க்கரையைக் கண்டும் காணாதது போல் இருந்துவிட்டது.

அதே சர்க்கரையை ஒரு புரதத்துடன் வேதிப் பிணைப்பால் கோத்துச் செலுத்தியபோது நிலைமை அடியோடு மாறியது. இரண்டு மாதக் குழந்தையின் உடலும் வலுவான எதிர்ப்பொருளை உற்பத்தி செய்தது. சர்க்கரை மாறவில்லை, குழந்தையும் மாறவில்லை. இடையில் மாறியது என்ன? விடை, பி செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் இருக்கிறது.

கோழியிடமிருந்து வந்த பெயர்

எதிர்ப்பொருளை உற்பத்தி செய்யும் செல்களுக்கு ‘பி’ என்ற எழுத்து வந்த கதையே சுவையானது. கோழியின் வால் பகுதியில் ‘பர்சா’ என்ற சிறு பை போன்ற உறுப்பு உள்ளது. அதனை அகற்றிவிட்டால் கோழியால் எதிர்ப்பொருளை உருவாக்க இயலவில்லை என்பதை அமெரிக்க ஆய்வாளர் புரூஸ் கிளிக் தம் சகாக்களுடன் 1956-ல் வெளியிட்டார். பெரிய அறிவியல் இதழில் இடம் கிடைக்காததால், அக்கட்டுரை கோழி வளர்ப்பு அறிவியல் இதழ் ஒன்றில் வெளியாயிற்று. மருத்துவ உலகம் பல ஆண்டுகள் அதனைக் கவனிக்கவே இல்லை. பின்னர் மேக்ஸ் கூப்பர் கோழிகளிலும், ஜாக் மில்லர் எலிகளிலும் நடத்திய ஆய்வுகள், நோய் எதிர்ப்பு மண்டலத்தில் இரு பெரும் படைப்பிரிவுகள் இருப்பதை நிறுவின. பர்சாவின் முதலெழுத்தைத் தாங்கியவை பி செல்கள். மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்பவை டி செல்கள். மனிதனுக்குப் பர்சா கிடையாது. மனிதனின் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மில்லருக்கும் கூப்பருக்கும் 2019-ல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

ஒவ்வொரு பி செல்லின் மேற்பரப்பிலும் சுமார் ஒரு லட்சம் ஏற்பிகள் உள்ளன. ஒரு செல்லில் உள்ள அத்தனை ஏற்பிகளும் ஒரே வடிவம் கொண்டவை. ஒரே ஓர் அந்நியப் பொருளை மட்டும் பற்றக்கூடியவை. பக்கத்துச் செல்லின் ஏற்பிகளுக்கு வேறொரு வடிவம். இவ்வாறு கோடிக்கணக்கான பி செல்கள், தத்தமக்குரிய பொருளை எதிர்பார்த்து இரத்தத்திலும் நிணநீர் கணுக்களிலும் மண்ணீரலிலும் சுற்றி வருகின்றன. பெரும்பாலான பி செல்கள் தமக்குரிய பொருளைச் சந்திக்காமலேயே மடிந்துவிடுகின்றன.

இந்த ஏற்பியின் அமைப்பில் ஒரு வியப்பு இருக்கிறது. செல்லுக்கு வெளியே விரிந்த கைகளைப் போல நீண்டிருக்கும் அது, செல்லுக்கு உள்ளே மூன்றே அமினோ அமில நீளம் மட்டுமே நுழைந்திருக்கிறது. வெளியே எதைப் பிடித்தாலும் அந்தச் செய்தியை உள்ளே கடத்த அதனால் இயலாது. அப்பணியைச் செய்பவை ஏற்பியுடன் ஒட்டி நிற்கும் சிடி79ஏ, சிடி79பி என்ற இரு துணைப் புரதங்கள். ஏற்பிகள் ஒன்றுகூடும்போது அவற்றின் உட்பகுதிகளில் பாஸ்பேட் குறிகள் பொறிக்கப்படுகின்றன. அக்குறிகளை நோக்கி ‘சிக்’, ‘பிடிகே’ முதலான நொதிகள் வந்து சேர, செய்தி கருவை எட்டுகிறது.

இக்கட்டுரையில் அடிக்கடி இடம்பெறும் ‘சிடி’ என்பது, வெள்ளை அணுக்களின் மேற்பரப்பு மூலக்கூறுகளுக்கு 1982-ல் பாரிசில் கூடிய பன்னாட்டு ஆய்வாளர்கள் வகுத்த எண் முறை. தெருவில் வீடுகளுக்கு எண் இடுவதைப் போன்றது. எண்ணின் வரிசைக்கும் மூலக்கூறின் பணிக்கும் தொடர்பு எதுவும் இல்லை. இன்று அந்தப் பட்டியல் 370-ஐக் கடந்துவிட்டது.

செய்தி கடத்தும் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை, அச்சங்கிலியே அறியப்படாத காலத்தில் ஒரு மருத்துவர் கண்டார். அமெரிக்க இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், திரும்பத் திரும்பக் கடும் தொற்றுக்கு ஆளான எட்டு வயதுச் சிறுவனின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் பகுதியே இல்லை என்பதை 1952-ல் பதிவு செய்தார். வெளியிலிருந்து காமா குளோபுலின் கொடுத்ததும் சிறுவனின் நிலை தேறியது. காரணமான மரபணு 1993-ல்தான் கண்டறியப்பட்டது. அவர் பெயரையே தாங்கிய அந்த ‘புரூட்டன் டைரோசின் கைனேஸ்’தான் மேலே குறிப்பிட்ட பிடிகே. அது இல்லையெனில் பி செல்கள் முதிர்ச்சி அடைவதே இல்லை. இந்நோய் ஆண் குழந்தைகளையே பெரும்பாலும் தாக்குகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் முதல் ஆறு மாதங்கள் வரை காப்பாற்றுவதால், அதன் பின்னரே காது, நுரையீரல் தொற்றுகள் தொடர்கின்றன. இத்தகைய குழந்தையின் தொண்டையில் டான்சில் மிகச் சிறுத்தோ இல்லாமலோ இருக்கும். பி செல்கள் நிறைந்த உறுப்பு அது என்பதே காரணம். கைவிளக்கின் ஒளியில் தெரியக்கூடிய இந்த அடையாளம், பல நேரங்களில் கவனிக்கப்படாமல் போய்விடுகிறது.

லாக்கருக்கு இரண்டு சாவிகள்

வங்கி லாக்கரைத் திறக்க வாடிக்கையாளரிடம் உள்ள சாவி மட்டும் போதாது. வங்கி அலுவலரும் தம் சாவியைச் செருக வேண்டும். பி செல்லும் பெரும்பாலும் அவ்வாறே செயல்படுகிறது. அந்நியப் பொருள் ஏற்பியில் வந்து பொருந்துவது முதல் சாவி. அதை மட்டும் நம்பி இயங்கினால் ஆபத்து உண்டு. உடலின் சொந்தப் பொருளையே தற்செயலாகப் பற்றக்கூடிய பி செல்களும் கூட்டத்தில் இருக்கின்றன அல்லவா? ஆகவே, மற்றொரு தரப்பின் ஒப்புதலும் தேவைப்படும் என்ற கருத்தைப் பீட்டர் பிரெட்ஷரும் மெல்வின் கோனும் 1970-ல் முன்வைத்தனர். முதல் சமிக்ஞை வந்து இரண்டாவது வராவிட்டால், பி செல் எழுவதற்கு மாறாக முடங்கிவிடும் அல்லது மடிந்துவிடும் என்பது அவர்களின் வாதம். அப்போது இரண்டாவது சாவி எது என்று எவருக்கும் தெரியாது. ஏரணத்தால் எட்டிய முடிவு அது. மூலக்கூறு பின்னர்தான் கிடைத்தது.

இரண்டாவது சாவியைத் தருவது டி செல். பி செல்லின் மேற்பரப்பில் சிடி40 என்ற மூலக்கூறு எப்போதும் காத்திருக்கிறது. தூண்டப்பட்ட டி செல்லின் மேற்பரப்பில் அதற்குப் பொருந்தும் இணை மூலக்கூறு சிறிது நேரம் மட்டுமே தோன்றி மறைகிறது. இரண்டும் தொட்டுக்கொள்ளும்போதுதான் பி செல்லுக்கு முழு அனுமதி கிடைக்கிறது. அதன் பிறகு அது நிணநீர் கணுவின் உள்ளே பெருகி, தன் எதிர்ப்பொருளின் பிடியைத் தலைமுறைக்குத் தலைமுறை கூர்மையாக்குகிறது. தொடக்கநிலை ஐஜிஎம் வகையிலிருந்து ஐஜிஜி, ஐஜிஏ போன்ற வகைகளுக்கு மாறுகிறது. நினைவுச் செல்களையும் விட்டுச் செல்கிறது.

ஆனால் டி செல் எந்தப் பி செல்லுக்கு உதவ வேண்டும் என்பதை எவ்வாறு அறிகிறது? இங்குதான் தடுப்பூசிப் புதிர் அவிழ்கிறது. பி செல் தன் ஏற்பியால் பற்றிய பொருளை விழுங்கி, உள்ளே துண்டுகளாக்கி, அதிலுள்ள புரதத் துணுக்குகளை மீண்டும் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து காட்சிக்கு வைக்கிறது. டி செல் அத்துணுக்கை அடையாளம் கண்டால் மட்டுமே சிடி40-ஐத் தொடுகிறது. சர்க்கரைச் சங்கிலியை இவ்வழியில் காட்சிக்கு வைக்க இயலாது. வெறும் ஹிப் சர்க்கரையை விழுங்கிய பி செல்லிடம் டி செல்லுக்குக் காட்ட எதுவும் இல்லை. முதல் சாவி மட்டும் பூட்டில் தொங்குகிறது.

சர்க்கரையுடன் புரதத்தையும் கோத்துவிட்டால் நிலைமை வேறு. பி செல் சர்க்கரையைப் பற்றுகிறது; அதனுடன் ஒட்டிய புரதமும் உள்ளே போகிறது. புரதத் துணுக்கு மேற்பரப்பில் தோன்றுகிறது. அப்புரதத்தை அறிந்த டி செல் வந்து அனுமதி தருகிறது. டி செல் அடையாளம் கண்டதோ புரதத்தை. பி செல் உற்பத்தி செய்வதோ சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்பொருளை. ஒரு வகையில் இது ஏமாற்று வேலைதான் என்றாலும், குழந்தையின் உயிரைக் காக்கும் ஏமாற்று வேலை. இதற்காகப் பயன்படும் புரதங்களுள் ஒன்று, நஞ்சு நீக்கப்பட்ட டெட்டனஸ் புரதம்.

சர்க்கரையைப் புரதத்துடன் கோக்கும் எண்ணம் புதிதல்ல. ஆஸ்வால்டு ஏவரியும் வால்டர் கேபலும் 1929-லேயே அத்தகைய சேர்மங்களை உருவாக்கி விலங்குகளில் சோதித்திருந்தனர். அரை நூற்றாண்டுக்குப் பின்னர் அதனைக் கைக்குழந்தைக்கான தடுப்பூசியாக்கியவர்கள் ஜான் ராபின்ஸ், ரேச்சல் ஷ்னீர்சன் இணையும், டேவிட் ஸ்மித், போர்ட்டர் ஆண்டர்சன் இணையும் ஆவர். நால்வருக்கும் 1996-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. இன்று இந்தியக் குழந்தைகளுக்குப் பொதுத் திட்டத்தில் போடப்படும் நியூமோகாக்கல் தடுப்பூசியும் இதே வழியில் உருவானதுதான். ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் உருவாக்கிய டைபாய்டு தடுப்பூசி மற்றோர் எடுத்துக்காட்டு. நவி மும்பை மாநகராட்சி 2018-ல் ஒன்பது மாதம் முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு அதனை இயக்கமாக நடத்திச் செலுத்தியது. பழைய டைபாய்டு சர்க்கரைத் தடுப்பூசியை இரண்டு வயதுக்குக் கீழ் போட இயலாது. இதனை ஒன்பது மாதத்திலும் ஆறு மாதத்திலும்கூடப் போடலாம். இந்த வேறுபாட்டின் மூலம் சிடி40-ன் தொடுகைதான்.

இரண்டாவது சாவி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளும் உண்டு. டி செல்லில் தோன்ற வேண்டிய சிடி40-ன் இணை மூலக்கூறுக்கான மரபணு பழுதுபட்ட ஆண் குழந்தைகளின் இரத்தத்தில் ஐஜிஎம் இயல்பாகவோ மிகையாகவோ காணப்படும். ஐஜிஜியும் ஐஜிஏவும் ஏறத்தாழ இருக்காது. பல ஆண்டுகள் இது பி செல்லின் நோய் என்றே கருதப்பட்டது. எதிர்ப்பொருளைத் தயாரிப்பது பி செல் என்பதால் அந்த எண்ணம் இயல்பானதே. ஆனால் பி செல்களில் குறையேதும் இல்லை, அனுமதி தர வேண்டிய டி செல்லில்தான் பழுது என்பதை 1993-ல் பல ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் கண்டறிந்தன. இக்குழந்தைகளை நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை வகை நிமோனியா தாக்குகிறது. வெளியிலிருந்து இம்யூனோகுளோபுலின் ஏற்றுவது ஒரு பகுதித் தீர்வு. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நிரந்தரத் தீர்வாக அமையக்கூடும்.

இத்தகைய பிறவிக் குறைபாடுகளைக் கண்டறியும் சோதனை, செல்களின் மேற்பரப்பு மூலக்கூறுகளை எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி. மும்பையில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய் எதிர்ப்பு இரத்தவியல் நிறுவனம், சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை இத்துறையில் நாட்டின் முக்கிய மையங்கள். 2021-ல் வெளியான தேசிய அரிய நோய்கள் கொள்கையிலும் பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடுகள் சில இடம்பெற்றுள்ளன. ஆயினும், ஓராண்டுக்குள் பலமுறை நிமோனியாவுக்கு ஆளாகும் குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் மட்டும் எழுதித் தந்து அனுப்பும் வழக்கம் தொடரும் வரை, சோதனைக் கூடம் எவ்வளவு சிறந்ததாயினும் அக்குழந்தை அங்கு போய்ச் சேராது.

ஆயிரம் மடங்கு பெருக்கி

இரு சாவிகளுக்கு அப்பால், முதல் சமிக்ஞையின் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் பி செல்லின் மேற்பரப்பில் ஏற்பாடுகள் உள்ளன. கூட்டும் தரப்பில் முதன்மையானது சிடி19, சிடி21, சிடி81 ஆகியவை இணைந்த கூட்டமைப்பு.

கிருமி உடலுக்குள் நுழைந்ததும் இரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் அதன் மேல் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றுள் ‘சி3டி’ என்ற துணுக்கு, ‘இது ஆபத்தானது’ என்று ஒட்டப்பட்ட முத்திரை போன்றது. பி செல்லின் சிடி21 அந்த முத்திரையைப் படிக்கிறது. ஏற்பி கிருமியையும், சிடி21 முத்திரையையும் ஒருசேரப் பற்றும்போது, உடன் நிற்கும் சிடி19 உட்சமிக்ஞையைப் பன்மடங்கு பெருக்குகிறது. எவ்வளவு பெருக்குகிறது என்பதை டக்ளஸ் ஃபியரான் குழுவினர் 1996-ல் அளந்தனர். கோழி முட்டைப் புரதம் ஒன்றுடன் இரண்டு சி3டி துணுக்குகளை இணைத்து எலிகளுக்குச் செலுத்தியபோது, அப்புரதத்தின் தூண்டும் திறன் ஆயிரம் மடங்கு உயர்ந்தது. மூன்று துணுக்குகளை இணைத்தபோது பத்தாயிரம் மடங்கு உயர்ந்தது.

டி செல்லின் உதவியின்றியே சர்க்கரைக்கு ஓரளவு எதிர்வினை காட்டும் ஆற்றல் வளர்ந்தவர்களுக்கு இருப்பதற்கும், கைக்குழந்தைக்கு இல்லாததற்கும் ஒரு காரணம் இங்கே கிடைக்கிறது. அப்பணியைச் செய்யும் பி செல்கள் மண்ணீரலின் விளிம்புப் பகுதியில் வாழ்பவை. முதல் இரண்டு ஆண்டுகளில் அப்பகுதி முதிர்ச்சி அடைந்திருப்பதில்லை. அங்குள்ள செல்களில் சிடி21-ம் குறைவு. பெருக்கி இல்லாத ஒலி போலச் சர்க்கரையின் சமிக்ஞை அடங்கிவிடுகிறது. விபத்திலோ நோயாலோ மண்ணீரலை இழந்தவர்களுக்கு நியூமோகாக்கஸ் போன்ற உறையுள்ள பாக்டீரியாக்கள் வாழ்நாள் முழுவதும் அச்சுறுத்தலாக இருப்பதற்கும் இப்பகுதியின் இழப்பு ஒரு காரணமாகும்.

கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. காவலரின் சட்டையைப் பிடித்தே வீட்டுக்குள் ஏறும் கள்வனைப் போல, எப்ஸ்டீன்-பார் வைரஸ் இதே சிடி21-ஐப் பற்றிக்கொண்டுதான் பி செல்லுக்குள் நுழைகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-சி வைரசுக்கோ சிடி81 ஒரு நுழைவாயில்.

தடுப்பான் தளர்ந்தால்

எழுப்பும் மூலக்கூறுகளுக்குக் கிடைக்கும் புகழ், அடக்கும் மூலக்கூறுகளுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் அவையின்றி உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும்.

அவற்றுள் ஒன்று சிடி22. மனித செல்களின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை நிறைந்திருக்கும். பெரும்பாலான பாக்டீரியாக்களிடம் அவ்வகை அமைப்பு கிடையாது. ஏற்பி பற்றிய பொருளில் இச்சர்க்கரை இருப்பதைச் சிடி22 உணர்ந்தால், ‘இது நம்மைச் சேர்ந்தது’ என்று கொண்டு, எழும் சமிக்ஞையைத் தணிக்கும் நொதிகளை அழைக்கிறது.

மற்றொன்று இன்னும் நுட்பமானது. எஃப்சி காமா ஏற்பி 2பி என்று பெயர் கொண்ட அது, எதிர்ப்பொருளின் வால் பகுதியைப் பற்றக்கூடியது. தொற்றின் தொடக்கத்தில் எதிர்ப்பொருள் குறைவு. பி செல்கள் தடையின்றி உற்பத்தி செய்கின்றன. போதிய அளவு உற்பத்தியானதும், எதிர்ப்பொருள் ஒட்டிய நிலையிலேயே கிருமித் துணுக்குகள் பி செல்லை வந்தடைகின்றன. துணுக்கு முதன்மை ஏற்பியிலும், எதிர்ப்பொருளின் வால் இந்தத் தடுப்பு ஏற்பியிலும் ஒருசேரப் பொருந்துகின்றன. உடனே தடை விழுகிறது. சரக்கு தேவைக்கு மேல் தேங்கியதும் ஆலையை நிறுத்துவதைப் போல, உற்பத்தியான பொருளே உற்பத்திக்குத் தடையாகிறது.

இந்தத் தடுப்பான் தளர்ந்த நிலையில் ஏற்படக்கூடிய நோய்களுள் ஒன்று லூபஸ். உடலின் சொந்த டி.என்.ஏ.வுக்கே எதிர்ப்பொருள் உருவாகி, தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகள் பாதிக்கப்படும் நோய் அது. பெண்களையே பெரிதும் தாக்குகிறது. எஃப்சி காமா ஏற்பி 2பி-ன் செயலைக் குறைக்கும் ஒரு மரபணு மாற்றம் லூபஸ் அபாயத்தை உயர்த்துவதாகக் கண்டறியப்பட்டுள்ளது. அந்த மாற்றம் ஐரோப்பியரைவிட ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடம் அதிகம் காணப்படுகிறது. தீங்கான மாற்றம் ஏன் நிலைத்தது? தடை தளர்ந்த பி செல்கள் மலேரியாவை வலுவாக எதிர்ப்பதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கொசுவுக்கு எதிராகப் பெற்ற அனுகூலத்திற்கு மூட்டும் சிறுநீரகமும் விலை தருகின்றன.

மருந்து பற்றும் பிடி

மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருப்பது எதுவாயினும் மருந்தும் அதனைப் பற்றலாம். பி செல்லில் உருவாகும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு எதிராக, சிடி20 மூலக்கூறைப் பற்றும் ரிட்டுக்சிமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்துக்கு 1997 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இந்தியாவில் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007-ல் அதன் நிகர் மருந்தை அறிமுகம் செய்து விலையைக் குறைத்தது. இன்று முடக்கு வாதம் உட்பட, உடலே உடலைத் தாக்கும் பல நோய்களுக்கும் அம்மருந்து பயன்படுகிறது.

சிடி20 ஒரு நல்ல பிடியாக அமைந்ததற்குக் காரணம் அதன் இருப்பிடம். பி செல்களை உருவாக்கும் மூலச் செல்களில் அது இல்லை. ஆகவே அழிந்த பி செல்கள் சில மாதங்களில் மீண்டும் முளைக்கின்றன. எதிர்ப்பொருளைச் சுரக்கும் முதிர்ந்த பிளாஸ்மா செல்களிலும் அது இல்லை. ஆகவே முன்பு பெற்ற பாதுகாப்பு பெரும்பாலும் நீடிக்கிறது. ஆனால் புதிய தடுப்பூசிக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது. கோவிட் காலத்தில் ரிட்டுக்சிமாப் எடுத்துக்கொண்ட நோயாளிகள் பலரிடம் தடுப்பூசி போட்ட பின்னரும் எதிர்ப்பொருள் தோன்றாததற்கு இதுவே காரணம். மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. உடலில் உறங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ்-பி வைரஸ் இம்மருந்தால் மீண்டும் எழுந்து கல்லீரலைச் சிதைக்கக்கூடும். சிகிச்சை தொடங்குமுன் அதற்கான இரத்தப் பரிசோதனை கட்டாயம். முதல் ஊசிக்கு முன்பே அப்பரிசோதனை முடிந்துவிட்டதா என்று நோயாளியின் குடும்பத்தினர் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

சிடி19-ஐப் பிடியாகக் கொண்டது ‘கார்-டி’ சிகிச்சை. நோயாளியின் டி செல்களைப் பிரித்தெடுத்து, சிடி19-ஐ அடையாளம் காணும் செயற்கை ஏற்பியை மரபணு வழியாகப் பொருத்தி, ஆய்வகத்தில் பெருக்கி, மீண்டும் உடலில் ஏற்றுவதே அதன் முறை. பி செல்லுக்கு அனுமதி தந்துவந்த டி செல், இங்கு அதனை வேட்டையாடும் செல்லாக மாற்றப்படுகிறது. இவ்வகைச் சிகிச்சைக்கு அமெரிக்கா 2017 ஆகஸ்டில் முதல் ஒப்புதலை வழங்கியபோது, அதன் விலை 4 லட்சத்து 75 ஆயிரம் டாலர்.

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய ‘நெக்ஸ்கார்19’ சிகிச்சைக்கு மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. குடியரசுத் தலைவர் திரவுபதி முர்மு 2024 ஏப்ரல் 4-ம் தேதி மும்பை ஐஐடியில் அதனை அறிமுகம் செய்துவைத்தார். ஏனைய சிகிச்சைகளுக்கு அடங்காத பி செல் லுக்கேமியா, லிம்போமா நோயாளிகளுக்கானது இது. செலவு வெளிநாடுகளில் ஆவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. லான்செட் ஹீமட்டாலஜி இதழில் 2025-ல் வெளியான முடிவுகளின்படி, சுமார் 73 சதவீத நோயாளிகளிடம் சிகிச்சைக்குப் பலன் தெரிந்தது. பத்தில் ஒரு பங்கு என்றாலும் பல லட்சம் ரூபாய் என்பதால், நடுத்தரக் குடும்பத்துக்கும் அது எட்டாத் தொகையே. அறிமுக விழாச் செய்திகளில் இந்த உண்மை சற்றுப் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

இச்சிகிச்சை நல்ல பி செல்லையும் புற்றான பி செல்லையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. இரண்டிலும் சிடி19 உண்டு. சிகிச்சைக்குப் பின் நோயாளியின் இரத்தத்தில் பி செல்களே காணப்படாத நிலை, மாதங்கள் முதல் ஆண்டுகள் வரை நீடிக்கலாம். மருத்துவர்கள் அதனைப் பக்கவிளைவாகவும், ஏற்றிய செல்கள் பணியாற்றுகின்றன என்பதற்கான அடையாளமாகவும் ஒருசேரக் கருதுகின்றனர். சில நோயாளிகளிடம் புற்றுச் செல்கள் சிடி19-ஐக் கழற்றி எறிந்துவிட்டு, பிடி கிடைக்காதவாறு மீண்டும் வளர்கின்றன. சிடி22-ஐ மாற்றுப் பிடியாகக் கொள்ளும் ஆய்வுகள் இதனால்தான் நடைபெறுகின்றன.

லூபஸ் நோயாளிகளுக்கும் இச்சிகிச்சை சோதிக்கப்பட்டு வருகிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கியோர்க் ஷெட் குழுவினர், வேறு மருந்துகளுக்கு அடங்காத ஐந்து லூபஸ் நோயாளிகளுக்குச் சிடி19 கார்-டி செல்களை ஏற்றி, 2022-ல் முடிவுகளை வெளியிட்டனர். ஐவரிடமும் நோய் தணிந்தது. சில மாதங்களில் பி செல்கள் மீண்டும் முளைத்தன. ஆனால் திரும்பி வந்தவை எதனையும் சந்தித்திராத புதிய செல்கள். கண்காணிப்புக் காலத்தில் நோய் மீளவில்லை. நோயாளிகளின் எண்ணிக்கை சிறிது என்பதால், பல நாடுகளில் விரிவான சோதனைகள் தொடர்கின்றன.

கார்-டி சிகிச்சை பெற்றவர்களுக்குப் பி செல்கள் திரும்பும் வரை இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டியிருக்கலாம். குறைந்தது ஆறு மாதங்கள் கழிந்த பின்னர், தடுப்பூசிகளை முதலிலிருந்து மீண்டும் தொடங்குவது பற்றி மருத்துவர்கள் முடிவு செய்கின்றனர். அந்தப் பட்டியலின் தொடக்கத்தில் இடம்பெறுபவற்றுள் ஒன்று, ஆறு வாரக் குழந்தைக்குப் போடப்படும் அதே வகையிலான, சர்க்கரையைப் புரதத்துடன் கோத்த நியூமோகாக்கல் தடுப்பூசி.